எட்டுச் செய்தித்தாள்கள் ஒரே நாளில் நின்றது ஏன்? வயோமிங் மாநிலத்தின் உள்ளூர்ப் பத்திரிகைகள் இயங்கும் விதம்

2025 ஆகஸ்ட் 6ஆம் தேதி, புதன்கிழமை, அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் எட்டு உள்ளூர்ச் செய்தித்தாள்கள் எந்த முன்னறிவிப்பும் இன்றி மூடப்பட்டன. அவற்றின் உரிமையாளரான நியூஸ் மீடியா கார்ப்பரேஷன் இலினாய் மாநிலத்தைச் சேர்ந்த நிறுவனம். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக இத்தொழிலில் இருந்தது. வயோமிங், தெற்கு டகோட்டா, நெப்ராஸ்கா, இலினாய், அரிசோனா ஆகிய ஐந்து மாநிலங்களிலும் தன் பத்திரிகைகளை அது அன்றே நிறுத்தியது. வருவாய் இழப்பு, ஏறிவரும் செலவு, நிறுவனத்தை விற்க நடந்த முயற்சி கடைசி நேரத்தில் முறிந்தது ஆகியவற்றைக் காரணங்களாக ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்தது.

ஆனால் சில நாட்களிலேயே அந்த எட்டுப் பத்திரிகைகளையும் வயோமிங்கிலேயே பத்திரிகை நடத்தும் ராப் ஹிக்ஸ், ராபர்ட் மார்ட்டிமர் என்ற இருவர் வாங்கிவிட்டனர். வேலை இழந்தவர்களைத் திரும்ப அழைத்து, அச்சையும் தொடங்கினர். தெற்கு டகோட்டாவில் நின்ற பத்திரிகைகளுக்கும் விரைவிலேயே வேறு உரிமையாளர்கள் கிடைத்தனர்.

செய்தியைப் படித்தவர்களுக்கு இங்கேதான் குழப்பம் வருகிறது. நடத்த முடியாத அளவுக்கு நொடித்த பத்திரிகை என்றால், அதை ஒரே வாரத்தில் ஒருவர் பணம் கொடுத்து வாங்குவது ஏன்? வாங்கி நடத்தும் அளவுக்கு உயிர் இருந்தது என்றால், அது மூடப்பட்டது ஏன்? இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான். பத்திரிகையின் நலம் வேறு, அதை வைத்திருக்கும் நிறுவனத்தின் நலம் வேறு. இந்த வேறுபாடு புரிய, கிராமப்புற மாநிலம் ஒன்றில் செய்தித்தாள் எப்படிப் பிழைக்கிறது என்பதை அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

மாநிலமும் அதன் பத்திரிகைகளும்

வயோமிங்கின் பரப்பு ஏறத்தாழ 2,53,000 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்வோர் 5,76,851 பேர் மட்டுமே. அமெரிக்க மாநிலங்களிலேயே மக்கள்தொகை மிகக் குறைந்தது இதுதான். நிலக்கரி, எரிவாயு, கால்நடை, பாசனப் பயிர் ஆகியவற்றை நம்பி வாழும் இந்த மாநிலம் 23 கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பிரிவு. ஆனால் அதை நடத்துபவர்கள் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆணையர்கள். வரி விதிப்பது, சாலை போடுவது, காவல் தலைவரான ஷெரீஃபின் அலுவலகத்துக்குப் பணம் ஒதுக்குவது எல்லாம் இந்த மட்டத்தில்தான் முடிவாகின்றன.

நாளிதழ்கள் பெரும்பாலும் பெரிய ஊர்களுக்கே உரியவை. காஸ்பர் நகரின் ஸ்டார் டிரிபியூன், தலைநகர் ஷையனின் வயோமிங் டிரிபியூன் ஈகிள், லாரமியின் பூமராங் போன்றவை அந்த வகை. 1881இல் தொடங்கிய பூமராங்குக்கு அந்தப் பெயரை வைத்த நகைச்சுவை எழுத்தாளர் பில் நை, தன் கோவேறு கழுதையின் பெயரையே பத்திரிகைக்கும் சூட்டினார். இன்று இவற்றில் சில வாரத்தில் எல்லா நாளும் அச்சாவதில்லை என்றாலும், நாளிதழ் என்றே அழைக்கப்படுகின்றன.

மற்ற ஊர்களில் இருப்பது வாரச் செய்தித்தாள். வார இதழ் என்றவுடன் தமிழ் வாசகர் மனத்தில் தொடர்கதையும் சினிமாவும் ராசிபலனும் வந்து நிற்கும். அந்தப் பொருளில் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. இது வாரத்துக்கு ஒருமுறை அல்லது இருமுறை வரும் முழுமையான செய்தித்தாள். ஊராட்சிக் கூட்டம், பள்ளி வாரியம், நீதிமன்ற வழக்கு, மரண அறிவிப்பு, பள்ளி அணியின் ஆட்டம், மாட்டுச் சந்தை விலை ஆகியவையே அதன் பொருள். 2025இல் நின்றவை எட்டும் இந்த வகையின: டோரிங்டன் டெலிகிராம், லஸ்க் ஹெரால்ட், கெர்ன்சி கெஜட், பிளாட் கவுண்டி ரெக்கார்டு டைம்ஸ், பைன்டேல் ரவுண்டப், யுயின்டா கவுண்டி ஹெரால்ட், கெமரர் கெஜட், பிரிட்ஜர் வேலி பயனியர்.

லஸ்க் ஊர் இருக்கும் நையோபிராரா கவுண்டியில் 2020இல் 2,467 பேர் இருந்தனர். நம் ஊர்ப்பக்கத்து நடுத்தரப் பள்ளி ஒன்றின் மாணவர் எண்ணிக்கைதான் அது. அந்த அளவு மக்களுக்கு ஒரு செய்தித்தாள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து வந்துகொண்டிருக்கிறது என்பதே முதலில் விளக்கம் வேண்டும் செய்தி. அது நின்றது ஏன் என்பது அதற்கு அடுத்த கேள்விதான்.

பணம் எங்கிருந்து வருகிறது

வாரச் செய்தித்தாளுக்கு வருமானம் நான்கு வழிகளில் வருகிறது.

1. சந்தா. ஆண்டுச் சந்தா கட்டியவருக்கு அஞ்சலில் பத்திரிகை போகும். மளிகைக் கடையிலும் பெட்ரோல் நிலையத்திலும் தனிப்படி விற்கும். மொத்த மக்கள்தொகையே சில ஆயிரம் என்றால், வீடுதோறும் வாங்கினாலும் இந்த வருமானம் ஓர் எல்லைக்கு மேல் ஏறாது.

2. கடை விளம்பரமும் வரி விளம்பரமும். வேலை, வீடு, பழைய வண்டி, விற்பனைக்கு உள்ள வைக்கோல் கட்டு ஆகியவற்றின் வரி விளம்பரங்கள் இணையத்துக்கு முதலில் போயின. அதோடு நிற்கவில்லை. பத்திரிகைக்குள் வைத்துத் தரும் வண்ணத் தாள்களுக்குப் பணம் கொடுத்துவந்த பெருங்கடைகளும் சிற்றூர்களிலிருந்து மறைந்தன. சிறு ஊர்களில் கிளைகளைப் பரப்பியிருந்த ஷாப்கோ 2019இல் திவாலாகித் தன் கடைகள் அனைத்தையும் மூடியபோது, பல ஊர்ப் பத்திரிகைகளின் வாராந்தர வருமானத்தில் ஒரு பகுதி அதோடு போயிற்று. பத்திரிகையின் வீழ்ச்சிக்கு இணையத்தை மட்டுமே குற்றம் சொல்பவர்கள், ஊர்க் கடைத்தெருவின் வீழ்ச்சியை மறந்துவிடுகிறார்கள்.

3. வெளி அச்சு வேலை. சொந்த அச்சகம் உள்ளவர்கள் பக்கத்து ஊர்ப் பத்திரிகைகளையும் அச்சிட்டுக் கொடுத்துச் சம்பாதித்தனர். அச்சகங்கள் குறையக் குறைய இந்த வழி அடைபட்டது. அச்சகம் வைத்திருந்தவர்களே இப்போது தொலைவில் உள்ள அச்சகத்துக்குப் பக்கங்களை அனுப்பி, அங்கிருந்து லாரியில் கட்டுகளை வரவழைக்க வேண்டியதாயிற்று.

4. பொது அறிவிப்புகள். இவை அளவில் பெரிதாகத் தெரியாவிட்டாலும் மிக முக்கியமானவை. வெளியாட்கள் அதிகம் அறியாததும் இதுவே.

பொது அறிவிப்பு என்றால் என்ன

அரசு அமைப்பு ஒன்று தான் செய்யப்போவதையும் செய்ததையும் செய்தித்தாளில் அச்சிட்டு வெளியிட வேண்டும் என்று சட்டம் விதிக்கும் கட்டாயமே பொது அறிவிப்பு. வயோமிங்கில் கவுண்டி ஆணையர் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, யாருக்கு எவ்வளவு பணம் வழங்கப்பட்டது என்ற பட்டியல், அலுவலர்களின் ஊதியம், ஒப்பந்தப்புள்ளி, கடன் தவணை தவறிய சொத்தின் ஏலம், வாரிசு உரிமை வழக்கு முதலியவை இவ்வாறு அச்சேறுகின்றன. அறிவிப்பை வெளியிடும் தகுதி எல்லாத் தாளுக்கும் கிடையாது. தொடர்ந்து வெளிவருவதும் பணம் கட்டும் சந்தாதாரர்களைக் கொண்டதுமான செய்தித்தாளுக்கே உண்டு.

அறிவிப்பைக் கொடுக்கும் அமைப்பு பத்திரிகைக்குக் கட்டணம் செலுத்துகிறது. எனவே இது அரசு மானியம் என்று ஒரு தரப்பும், மக்களின் கண்காணிப்பு உரிமை என்று மறுதரப்பும் வாதிடுகின்றன. அறிவிப்பை அரசின் இணையதளத்திலேயே போட்டால் செலவு மிச்சமாகும் என்ற மசோதாக்கள் அமெரிக்காவின் பல மாநிலச் சட்டமன்றங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன.

இந்த வாதத்தில் செலவைப் பற்றிய பகுதி உண்மையே. ஆனால் அச்சிட்ட அறிவிப்புக்கு இணையதளம் தராத மூன்று பண்புகள் உண்டு. முதலாவது, வெளியிடுபவர் அரசு அல்லாத மூன்றாம் ஆள். பிறகு ஒரு சொல்லை மாற்றவோ நீக்கவோ அரசால் முடியாது. இரண்டாவது, எந்தத் தேதியில் வெளியானது என்பதற்கு அச்சுப்படியே சான்று. மூன்றாவது, தேடிப் போகாதவர் கண்ணிலும் படுகிறது. பள்ளி அணியின் ஆட்டத்தைப் படிக்கப் பக்கத்தைப் புரட்டும் விவசாயி, தன் நிலத்துக்குப் பக்கத்தில் சுரங்க உரிமம் கேட்டிருப்பதை வழியில் பார்த்துவிடுகிறார். இந்த மூன்றாவது பண்பைத்தான் நான் மிகப் பெரியதாகக் கருதுகிறேன். அறிவிப்பு இருக்கிறது என்று தெரிந்தவர்தான் அரசு இணையதளத்தில் அதைத் தேடுவார்.

பத்திரிகை நின்றுபோனால் இதனால் ஒரு சட்டச் சிக்கலும் எழுகிறது. கவுண்டியில் ஒரே பத்திரிகை இருந்து, அது ஒரு புதன்கிழமை நின்றுவிட்டால், அடுத்த வாரம் அச்சாக வேண்டிய ஏல அறிவிப்பை எங்கே வெளியிடுவது? அறிவிப்பு முறையாக வெளியாகவில்லை என்றால் ஏலமே செல்லாது என்று வழக்குப் போட இடமுண்டு. ஆகவே 2025இல் ஊழியர்களும் வாசகர்களும் மட்டும் தவித்துப் போகவில்லை. கவுண்டி அலுவலகங்களுக்கும் அது அவசரப் பிரச்சினையாக இருந்தது.

அஞ்சல் என்னும் கழுத்து

நகரத்து நாளிதழை விடியற்காலையில் வீட்டு வாசலில் போட ஆட்கள் உண்டு. வீடுகளுக்கு இடையே பல கிலோமீட்டர் இருக்கும் பண்ணை நாட்டில் அது நடவாது. அங்கே பத்திரிகை அஞ்சலில்தான் போகிறது. ஆகவே அஞ்சல் துறை எடுக்கும் ஒவ்வொரு முடிவும் நேரே பத்திரிகையின் கழுத்தில் இறங்குகிறது.

அமெரிக்கக் குடியரசு இதைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது. 1792ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டம், நூறு மைல் தொலைவுக்குள் ஒரு செய்தித்தாளை அனுப்ப ஒரு சென்ட்டும், அதற்கு அப்பால் ஒன்றரை சென்ட்டும் கட்டணமாக வைத்தது. அதே சட்டத்தில் கடிதத்துக்கு ஆறு முதல் இருபத்தைந்து சென்ட் வரை கட்டணம். கடிதம் எழுதுவோரிடம் கூடுதலாக வாங்கி, செய்தியை நாடெங்கும் மலிவாகப் பரப்பலாம் என்பது அதன் கணக்கு. இன்றும் பருவ இதழ்களுக்குத் தனிக் கட்டண வகுப்பும், வெளியாகும் கவுண்டிக்குள்ளேயே அனுப்பினால் சலுகையும் உள்ளன.

அந்தச் சலுகை இப்போது தேய்ந்துவருகிறது. பணவீக்கத்துக்கு மேலும் கட்டணத்தை உயர்த்தும் அதிகாரம் 2020 இறுதியில் அஞ்சல் துறைக்குக் கிடைத்தது. 2021 ஆகஸ்ட் முதல் உயர்வுகள் அடுத்தடுத்து வந்தன. கட்டணம் ஏறியபோது வேகமாவது கூடியதா என்றால் அதுவும் இல்லை. காஸ்பரில் நடந்த தபால் பிரிப்பு வேலையின் ஒரு பகுதியை மொன்டானாவின் பில்லிங்ஸுக்கும், ஷையனில் நடந்ததைக் கொலராடோவின் டென்வருக்கும் மாற்றும் திட்டத்தை 2024இல் அஞ்சல் துறை அறிவித்தது. பனிக்காலத்தில் நெடுஞ்சாலைகள் நாள்கணக்கில் மூடப்படும் பகுதி அது. பக்கத்து ஊருக்குப் போக வேண்டிய கடிதமும் மாநில எல்லையைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். அமெரிக்க நாடாளுமன்ற மேலவையில் உள்ள வயோமிங் உறுப்பினர்கள் உள்ளிட்ட பலர் எதிர்த்ததால் அந்த ஆண்டு திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது.

புதன்கிழமை அச்சான வாரச் செய்தித்தாள் அடுத்த திங்கள்கிழமை கையில் கிடைத்தால், வார இறுதிச் சந்தை முடிந்திருக்கும், விளம்பரம் கொடுத்த கடைக்காரரின் தள்ளுபடியும் முடிந்திருக்கும். அவர் மறுமுறை விளம்பரம் தருவதற்குக் காரணம் இருக்காது. தாமதம் வாசகருக்கு முன்பே விளம்பரதாரரை இழக்கச் செய்கிறது.

அச்சுச் செலவிலும் இதே போன்ற நெருக்கடி. பக்கத்தை அச்சிடும் தகடு அலுமினியத்தால் ஆனது. சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வரும் அச்சுத் தகடுகள் மீது 2024 அக்டோபரில் கூடுதல் தீர்வை நிலைபெற்றது. 2025இல் அலுமினியத்தின் மீதான இறக்குமதி வரி முதலில் 25 விழுக்காடாகவும், ஜூன் மாதத்தில் 50 விழுக்காடாகவும் உயர்ந்தது. ஒரு தகடு ஒரு பக்கத்துக்குத்தான். அதை வைத்து லட்சம் பிரதி அடிப்பவருக்கு அதன் விலை பிரதிக்குப் பிரதி கரைந்துவிடும். ஆயிரத்து ஐந்நூறு பிரதி அடிப்பவருக்குக் கரையாது.

ஒரே கணக்குப் புத்தகம்

மேலே சொன்ன நெருக்கடிகள் எல்லாம் எட்டுப் பத்திரிகைகளையும் வாட்டின என்பது உண்மை. ஆனால் அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு ஊரில், வெவ்வேறு அளவில், வெவ்வேறு வேகத்தில் வாட்டியிருக்கும். எட்டும் ஒரே நாளில் ஒரே மணியில் நின்றதற்கு அந்த நெருக்கடிகள் காரணமாக முடியாது. சங்கிலி நிறுவனம் என்ற அமைப்பு முறையே அதற்குக் காரணம்.

ஒரு நிறுவனம் பல ஊர்ப் பத்திரிகைகளை வாங்கி ஒன்றாக நடத்துவதைச் சங்கிலி உரிமை என்கிறோம். கணக்கு, பக்க வடிவமைப்பு, சந்தா நிர்வாகம், அச்சு ஆகியவற்றை ஓரிடத்தில் செய்தால் செலவு குறையும் என்பது அதன் நியாயம், அது பொய்யன்று. ஆனால் அவ்வாறு இணைக்கும்போது கடனும் இணைகிறது. அரிசோனாவில் வந்த நட்டத்தை வயோமிங்கின் வருமானம் ஈடுசெய்ய வேண்டிவரும். தலைமையகத்தின் வங்கிக் கணக்கு வற்றினால், கையிருப்பும் விளம்பரமும் உள்ள பைன்டேல் பத்திரிகைக்கும் மறுவாரச் சம்பளம் கொடுக்க இயலாது. நல்ல நிலையில் உள்ளதை மட்டும் பிரித்து விற்க நேரம் இருந்தால் அது பிழைக்கும். விற்பனை முயற்சி முறிந்து, பணமும் தீர்ந்துவிட்டால் எல்லாம் சேர்ந்தே மூழ்கும்.

அந்த எட்டையும் தனியே பிரித்து எடுத்துக் கணக்குப் பார்த்தவர்கள், மாநிலத்தை அறிந்தவர்கள், நடத்த முடியும் என்று முடிவு செய்தனர். ஹிக்ஸ் பஃபலோ ஊரின் புல்லட்டின் பத்திரிகையை நடத்திவருபவர். எந்த ஊரில் எந்தக் கடை விளம்பரம் தரும், எந்தச் சாலை எப்போது அடைபடும் என்பது அவருக்கு அறிக்கையாக அன்றி அனுபவமாகத் தெரியும். முதலில் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் இதுவே விடை.

ஆனால் இதிலிருந்து உள்ளூர் உரிமை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்ற முடிவுக்குப் போவது தவறாகும். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மெடில் இதழியல் கல்லூரி ஆண்டுதோறும் வெளியிடும் ஆய்வின்படி, 2005இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 8,900 செய்தித்தாள்கள் இருந்தன. 2025இல் 5,500க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன. உள்ளூர்ச் செய்தி நிறுவனம் ஒன்றுகூட இல்லாத கவுண்டிகள் 200க்கும் மேல். இவற்றையே செய்திப் பாலைவனம் என்கிறார்கள். அண்மைக் காலத்தில் மூடப்படுபவற்றில் பெரும் பகுதி, சங்கிலிகளுக்குச் சொந்தமானவை அல்ல. நெடுங்காலம் ஒரே குடும்பம் நடத்திய சிறு பத்திரிகைகளும் அவற்றில் நிறைய. உரிமையாளருக்கு வயதாகிறது, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், வாங்க ஆள் இல்லை. அத்தகைய மூடல் பெருஞ்செய்தியாகாமல் கடைசிப் பதிப்பின் முதல் பக்கத்தில் வரும் ஒரு விடைபெறும் கடிதத்தோடு முடிந்துவிடுகிறது.

லாப நோக்கமற்ற அமைப்பின் கையில் கொடுப்பது மற்றொரு வழி. மேய்ன் மாநிலத்தில் 2023இல் போர்ட்லேண்ட் பிரஸ் ஹெரால்டையும் பல வாரச் செய்தித்தாள்களையும் அத்தகைய அமைப்பு ஒன்று வாங்கியது. லாபப் பங்கு கேட்பவர் இல்லை என்பது பெரிய நிம்மதி. ஆயினும் 2025இல் அங்கேயும் ஆட்குறைப்பு நடந்தது. அஞ்சல் கட்டணமும் தாள் விலையும் உரிமையாளரின் நோக்கத்தைப் பார்த்து மாறுவதில்லை.

இல்லாமல் போனால் என்ன ஆகும்

வயோமிங்கிலிருந்தே எடுத்துக்காட்டலாம்.

1. கெமரர் ஏறத்தாழ 2,400 பேர் வாழும் சுரங்க ஊர். பில் கேட்ஸ் நிறுவிய டெரா பவர், சோடியத்தால் குளிர்விக்கப்படும் 345 மெகாவாட் அணு உலைத் திட்டத்துக்கு 2024 ஜூனில் அங்கே அடிக்கல் நாட்டியது. உலகச் செய்தியாளர்கள் அடிக்கல் நாட்டு விழாவுக்கு வந்து போனார்கள். வெளியூர்த் தொழிலாளர் வருகையால் வாடகை என்ன ஆகிறது, பள்ளியில் இடம் போதுமா, கழிவுநீர்க் குழாய் தாங்குமா என்பதை வாரந்தோறும் கூட்டத்தில் உட்கார்ந்து எழுதுவது கெமரர் கெஜட்டின் வேலை.

2. 2019 ஜூலையில் டோரிங்டன் பகுதிக்கு நீர் கொண்டுவரும் கால்வாயின் நூற்றாண்டுப் பழமை வாய்ந்த சுரங்க வழி இடிந்தது. வயோமிங், நெப்ராஸ்கா இரண்டிலுமாக ஒரு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு, பயிர் முற்றும் பருவத்தில் தண்ணீர் நின்றது. நாட்டின் பெரிய ஊடகங்களுக்கு அது ஒரு நாள் செய்தி. பழுது எப்போது தீரும், காப்பீடு கிடைக்குமா, ஏக்கருக்கு எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்ற கேள்விகள் அந்தப் பகுதி விவசாயிக்கு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தன.

3. 2024 ஆகஸ்டில் கோடி (Cody) என்ற ஊரின் என்டர்பிரைஸ் பத்திரிகையின் நிருபர் ஒருவர் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு செய்தி எழுதியதும், மாநில ஆளுநர் உள்ளிட்டோர் சொல்லாததைச் சொன்னதாக அச்சிட்டதும் தெரியவந்தன. கண்டுபிடித்தது ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பவல் டிரிபியூன் பத்திரிகையின் நிருபர். மேற்கோள்கள் காதுக்கு இயல்பாக ஒலிக்கவில்லை என்று ஐயப்பட்டு, சம்பந்தப்பட்டவர்களை ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தார். என்டர்பிரைஸ் மன்னிப்புக் கேட்டது, அதன் நிருபர் விலகினார். பக்கத்து ஊரில் இன்னொரு பத்திரிகை இருந்தது என்பதால்தான் இது வெளிப்பட்டது.

பணத்தில் அளந்தவர்களும் உண்டு. உள்ளூர்ச் செய்தித்தாள் மூடப்பட்ட கவுண்டிகளில் உள்ளாட்சி அமைப்புகள் கடன்பத்திரம் மூலம் வாங்கும் கடனுக்கான வட்டி 0.05 முதல் 0.11 விழுக்காட்டுப் புள்ளி வரை உயர்ந்ததை 2020இல் வெளியான நிதியியல் ஆய்வு ஒன்று கண்டது. கண்காணிப்பவர் இல்லாத இடத்தில் கடன் கொடுப்பவர் சற்றுக் கூடுதல் வட்டி கேட்கிறார். மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் இருபது ஆண்டுக் கடன் வாங்கும் ஊருக்கு அந்தச் சிறு விழுக்காடும் ஆண்டுகள் செல்லச் செல்லப் பெருந்தொகையாகச் சேரும்.

இணையச் செய்தித் தளங்கள் ஈடாகுமா

வயோமிங்கில் 2008இல் தொடங்கிய லாப நோக்கமற்ற வயோஃபைல், 2019இல் தொடங்கிய கவ்பாய் ஸ்டேட் டெய்லி ஆகிய தளங்கள் மாநில அளவில் நல்ல வேலை செய்கின்றன. சட்டமன்றம், வனவிலங்கு, எரிசக்தி ஆகியவற்றில் எந்த வாரச் செய்தித்தாளையும்விட ஆழமாக எழுத அவற்றால் முடியும். ஆனால் 23 கவுண்டிகளின் ஆணையர் கூட்டங்களுக்கும், பள்ளி வாரியங்களுக்கும், பாசன வாரியங்களுக்கும் ஆள் அனுப்ப அவற்றால் இயலாது. உள்ளூர்ப் பத்திரிகையில் முதலில் வந்த செய்தியை எடுத்து மாநிலத்துக்குச் சொல்வதும் அவற்றின் வேலைகளில் ஒன்று. மாநிலப் பத்திரிகைச் சங்கம் நடத்தும் செய்திப் பரிமாற்ற ஏற்பாடும் இதே அடித்தளத்தின் மீதுதான் நிற்கிறது. கீழே எழுதுபவர் இல்லையென்றால் மேலே பகிர எதுவும் இராது.

இனி இதுபோன்ற மூடல் செய்தி எந்த மாநிலத்திலிருந்து வந்தாலும் மூன்றைக் கேட்டுப் பார்க்கலாம். நட்டம் அந்தப் பத்திரிகையுடையதா, அதன் தாய் நிறுவனத்தினுடையதா? அந்தக் கவுண்டியின் பொது அறிவிப்பு அடுத்த வாரம் எங்கே அச்சாகும்? வாங்க முன்வருபவர் அந்த ஊரின் கூட்டங்களுக்குப் போக ஒரு நிருபரையாவது வைத்திருப்பாரா, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வெளியூர்ச் செய்தியால் பக்கத்தை நிரப்புவாரா? மூன்றாவது கேள்விக்கான விடை மூடல் அறிவிப்பிலோ மீட்பு அறிவிப்பிலோ இருக்காது. ஆறு மாதம் கழித்து அந்தப் பத்திரிகையை வாங்கி, கவுண்டி ஆணையர் கூட்டத்தைப் பற்றிய செய்தி யார் பெயரில் வந்திருக்கிறது என்று பார்த்தால் தெரியும்.